கடைசி லயத்து வெற்றிலை

பிரிக்பீல்ட்ஸ்
8 மார்ச் 1931

அன்புத் தங்கை பவுனுக்கு,

இங்கே நானும் வள்ளியும் குழந்தை லெட்சுமியும் நலம். கிள்ளானில் நீயும் மாப்பிள்ளையும் நலமென்று அறிய ஆவல். உன் மகள் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டே, "அம்மாவுக்கு எழுதுங்க மாமா, இவளுக்குத் தலை நின்னுடுச்சுன்னு எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன். அவள் புருஷன் வாசு செமினி தோட்டத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

ஒரு நல்ல சேதி. குழாய் இலாகா துரை வந்து நம் ரயில்வே வரிசை வீடுகள் நாலு லயத்தையும் நடந்து பார்த்தார். நாலுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாய் தருகிறாராம். எந்த இடம் என்று நாமே பேசி, நாலு லயமும் ஒப்பிய ஒரே காகிதமாக அக்டோபர் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் குழாய் வேறு ஊருக்குப் போய்விடும்.

நம் லயத்துச் சங்கத்து விதி மாப்பிள்ளைக்குத் தெரியும். அது வந்ததே அவரால்தானே. முன்பு கையைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். முதல் லயத்தில் வீடு அதிகம், கையும் அதிகம். அப்படித்தான் கழிவுக்குழி கடைசி லயத்துக் கிணற்றின் பக்கத்தில் வந்தது. அதன் பிறகு மாப்பிள்ளை பிடிவாதமாக நின்று, லயத்துக்கு ஒரு தலைவர், நாலு பேரும் வெற்றிலை எடுத்துக் காம்பைக் கிள்ளித் தட்டில் போட்டால்தான் முடிவு, ஒரு காம்பு குறைந்தாலும் இல்லை என்று எழுதவைத்தார். ரயில் வேலைக்காரர்கள் ஊர் மாறிக்கொண்டே இருப்பதால், வெளியூர் போனவரையும் கேட்டாக வேண்டும் என்று சேர்த்தோம். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனுக்குக் கணக்குப் புரியவில்லை என்றால் வகுப்பையே நிறுத்தி வைப்பேன், நினைவிருக்கிறதா? நேரமாகும். ஆனால் யாரும் பின்னால் விடுபடமாட்டார்கள்.

கிள்ளானுக்கு மாறினாலும் கடைசி லயத்துத் தலைவர் இன்னும் மாப்பிள்ளைதான். குழாயை எங்கே வைக்கலாம் என்று நினைக்கிறார்? கேட்டு எழுது.

ஆசிகளுடன்,
அண்ணன் சபாபதி

*

கிள்ளான்
20 மார்ச் 1931

அண்ணன் அவர்களுக்குத் தங்கை பவுனம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நாங்கள் நலம். அங்கு அனைவர் நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதத்தை அவருக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். கூட்ஸ் ஷெட் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தடிதான் நாலு லயத்துக்கும் நடு என்கிறார். "மொத லயத்து கார்த்திகேசு கிராணி தன் வீட்டு கேட்டுக்கிட்டத்தான் கேப்பாரு. வாத்தியாரு அவசரப்பட வேணாம், அவரா ஒத்துக்கிட்டு வரட்டும்னு சொல்லு" என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

இங்கே வேலையில் ஆள் குறைக்கிறார்கள். ரப்பர் விலை விழுந்ததால் சரக்கு வண்டியே ஓடவில்லையாம். நம் வரைக்கும் வராது என்கிறார்.

லெட்சுமிக்கு என் முத்தம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புள்ள,
பவுனம்மாள்

*

பிரிக்பீல்ட்ஸ்
2 ஜூன் 1931

அன்புத் தங்கை பவுனுக்கு,

இங்கே யாவரும் நலம். உன்னிடமிருந்து கடிதம் வந்து நாளாயிற்று. நலம்தானே?

மாப்பிள்ளை சொன்னபடியே நடந்தது. சங்கம் கூடியபோது முதல் லயத்துத் தலைவர், குமாஸ்தா கார்த்திகேசு கிராணியார் தன் வீட்டுக் கேட்டடியைவிட்டு அசையவில்லை. "வாத்தியார், நான் மாட்டேன் எண்டு சொல்லேல்லை. என்ர கேற்றடியில வைச்சால் ஆர் உடைச்சாலும் நான் பார்த்துக்கொள்ளுவன். மரத்தடியில ஆர் பார்க்கிறது?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாவதான வண்டிக்காரர் லயத்துத் தலைவன் சின்னையா சும்மா இருப்பானா? "கிராணியாரே, உங்க கட்டிலுக்கடியிலேயே வச்சிரலாம். படுத்துக்கிட்டே குடிக்கலாம், ஒருத்தனும் உடைக்க மாட்டான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கிராணியார் சிரிக்கவில்லை. வெற்றிலைத் தட்டு காம்பில்லாமல் திரும்பியது. மூன்றாம் லயத்துத் தலைவர் நாகையா தலையைச் சொறிந்துகொண்டு எழுந்து போனார்.

எனக்கு வருத்தமில்லை. ஒரு கால் குட்டையான பெஞ்சை நாலு பேர் சேர்ந்து அழுத்தினாலும் ஆட்டம் நிற்காது. அந்தக் காலுக்குக் கட்டை கொடுத்தால்தான் நிற்கும். கட்டை தேடுகிறேன்.

நாங்களும் எடுக்கும் கடைசி லயத்துக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் மஞ்சளித்திருக்கிறது. லெட்சுமிக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை, பல் முளைக்கும் சமயம். இப்போது விளையாடுகிறாள்.

ஆசிகளுடன்,
அண்ணன் சபாபதி

*

கிள்ளான்
19 ஜூலை 1931

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

இங்கு நாங்கள் நலம். பிந்தி எழுதுவதற்கு மன்னிக்கவும். வேலை சரியாக இருந்தது.

இனி உறையில் எழுதியிருக்கும், அடுத்த தெரு மார்க்கிரட் அம்மா வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். எங்கள் பக்கம் தபால் சரியாக வருவதில்லை. அந்த அம்மா நல்லவர்கள். பகலில் அவர்களுக்குச் சமையலில் கைகொடுக்கிறேன், பொழுது போகிறது.

அவர் வெளிவேலையாகப் போயிருக்கிறார். வந்ததும் குழாய் விஷயம் சொல்கிறேன். நீங்கள் முழங்காலோடு ரயிலேறி வரவேண்டாம். வந்தாலும் அவர் இருக்கமாட்டார்.

லெட்சுமிக்குப் பல் எத்தனை வந்தது? அதை மட்டும் எழுதுங்கள் அண்ணா.

அன்புள்ள,
பவுனம்மாள்

*

பிரிக்பீல்ட்ஸ்
10 ஆகஸ்டு 1931

அன்புத் தங்கை பவுனுக்கு,

இங்கே யாவரும் நலம். உங்கள் நலத்துக்குக் கந்தசாமியை வேண்டுகிறேன். லெட்சுமிக்குக் கீழே இரண்டு பல்.

கிராணியார் ஒப்பிவிட்டார். எப்படி என்று கேள். நேற்றுக் கூட்டத்துக்குக் கடைசி லயத்துக் கிணற்றிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். மற்றவர்கள் பேசினார்கள், அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் படிந்தது தெரிந்தது. கடைசியில், "குடியுங்கோ எண்டு மட்டும் சொல்லிப் போடாதேங்கோ வாத்தியார்" என்று சொல்லி வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளித் தட்டில் போட்டார். மரத்தடி! சின்னையா அவர் முதுகில் தட்டப் போய், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தட்டில் மூன்று காம்பு இருக்கிறது. மாப்பிள்ளையுடையது மட்டும் பாக்கி. மார்ச்சில் அவர் சொன்னது யோசனை, கிள்ளியதாகாது. எல்லோர் பேச்சையும் கேட்ட பிறகுதான் கிள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே நடந்ததையெல்லாம் அவருக்குப் படித்துக் காட்டு. சம்மதமானால் ஒரு காம்பைக் கிள்ளிக் கடிதத்தில் வைத்து அனுப்பச் சொல். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கையெழுத்து வேண்டும் என்றுதானே இந்த வழக்கத்தை வைத்தோம்.

ஆசிகளுடன்,
அண்ணன் சபாபதி

*

பிரிக்பீல்ட்ஸ்
6 செப்டம்பர் 1931

அன்புத் தங்கை பவுனுக்கு,

இங்கே யாவரும் நலம். காம்பு இன்னும் வரவில்லை. கடிதமும் வரவில்லை.

மாப்பிள்ளைக்கு ஏதாவது மனக்குறையா? இருந்தால் திட்டி எழுதச் சொல், கேட்டுக்கொள்கிறேன். ஊர் மாறிவிட்டோம், இனி இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று நினைத்தாலும் குற்றமில்லை. தலைமையை விட்டுவிட்டதாக அவரோ, அவருக்காக நீயோ ஒரு வரி எழுதினால் போதும். கடைசி லயத்தார் உட்கார்ந்து ஒரு காப்பி குடிக்கும் நேரத்தில் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வேறு ஆளை வைக்க அவர்களுக்கு மனம் வராது. "அய்யாவு அண்ணன் நமக்காக நின்ன மனுசன். இல்லாதப்ப அவரு எடத்துல ஒக்காரறதா?" என்கிறார்கள்.

லெட்சுமி நலம். சிறிது இளைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

ஆசிகளுடன்,
அண்ணன் சபாபதி

*

கிள்ளான்
15 செப்டம்பர் 1931

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

இங்கு நாங்கள் நலம். அவருக்கு உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. அப்படி நினைக்க வேண்டாம். யோசித்துச் சொல்வார். இன்னும் நாள் இருக்கிறதுதானே.

என்னுடைய பழைய வெள்ளைச் சேலை ஒன்றைத் துவைத்து இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் பழகி மெத்தென்று இருக்கிறது. லெட்சுமிக்குத் தொட்டில் கட்டச் சொல்லுங்கள். வந்து நானே கட்டியிருக்க வேண்டும்.

இளைத்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பால் குடிக்கிறாளா?

அன்புள்ள,
பவுனம்மாள்

*

பிரிக்பீல்ட்ஸ்
5 அக்டோபர் 1931

அன்புத் தங்கை பவுனுக்கு,

இங்கே யாவரும் நலம். சேலை வந்தது. அன்றைக்கே தொட்டில் கட்டியாயிற்று. வள்ளி ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.

கடைசி லயத்தில் சில வீடுகளில் வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து மருந்து கொடுத்தார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். விறகு இருக்கிறவர்கள் காய்ச்சுகிறார்கள். நாங்கள் காய்ச்சுகிறோம். நீ கவலைப்பட வேண்டாம்.

இலாகா ஆபீசுக்கு நடந்துபோய் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டேன். இந்த மாதத்துக்கு மேல் முடியாதென்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையிடம் சொல்.

அண்ணன் சபாபதி

*

கிள்ளான்
12 அக்டோபர் 1931

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இங்கு நாங்கள் நலம்.

அவர் சம்மதித்துவிட்டார். தூங்குமூஞ்சி மரத்தடி. காம்பு இத்துடன் இருக்கிறது.

சீக்கிரம் முடியுங்கள் அண்ணா. லெட்சுமி முதல் வாய்க் குழாய்த் தண்ணீர் குடித்தாள் என்று எனக்கு எழுதுங்கள்.

பவுனம்மாள்

*

பிரிக்பீல்ட்ஸ்
26 அக்டோபர் 1931

அன்புத் தங்கை பவுனுக்கு,

வள்ளி நலம். நானும் நலம்.

நேற்று சங்கம் கூடியது. நீ அனுப்பிய காம்பை எல்லோர் முன்னாலும் தட்டில் போட்டேன். நாலு காம்பு சேர்ந்துவிட்டது என்று சின்னையா தொடையைத் தட்டினான். கிராணியார் மட்டும் காம்பை எடுத்துப் பார்த்தார்.

"வாத்தியார், இதை ஆர் கிள்ளினது?"

கிள்ளானிலிருந்து வந்தது என்றேன்.

"கிள்ளான்ல இருந்துதான். ஆனால் அய்யாவு கிள்ளான்ல இல்லை. அவனுக்குச் சித்திரையோட வேலை நிண்டு போச்சுது. வடக்கே போனவன் திரும்பேல்லை. என்ர மருமகன் கிள்ளான் ஸ்டேசன்லதான் வேலை. அவன் நேற்று வந்து சொல்லுறான்."

சின்னையாதான் பேசினான். "எந்த வெரலு கிள்ளினா என்னங்க? புள்ளைங்களுக்கு வயித்தால போவுது" என்றான். "அப்ப நாளைக்கு உங்கட காம்பை நான் கிள்ளிப் போடட்டே?" என்றார் கிராணியார்.

கிராணியாரைக்கூடச் சமாளித்திருப்பேன், பவுனு. ஆனால் கடைசி லயத்து இராஜம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். "அவரு சொல்லாததை அவரு வாயில வைக்காதீங்கய்யா. கழிவுக்குழி வெட்டுறப்பவும் நாங்க ஒத்துக்கிட்டோம்னுதான் யாரோ சொன்னாங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் தலையாட்டினார்கள். தண்ணீர் வேண்டியவர்களே அந்தக் காம்பை வேண்டாம் என்றார்கள். தட்டிலிருந்து அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கிராணியாரும் தன் காம்பை எடுத்துக்கொண்டு போனார். ஒழுங்கான ஆள் வந்தால் மறுபடி பேசலாமாம்.

மாப்பிள்ளை எங்கே, பவுனு? நான் கோபமாகக் கேட்கவில்லை. தெரியாது என்றாலும் சரி, போய்விட்டார் என்றாலும் சரி, ஒரு வரி எழுது. இந்த வாரத்துக்குள் வந்தால் கடைசி லயத்தார் வேறு ஆளை வைப்பார்கள். கிராணியாரின் காலைப் பிடித்தாவது கூட்டிவருவேன். இன்றைக்கே எழுது.

அண்ணன் சபாபதி

*

கிள்ளான்
3 நவம்பர் 1931

அண்ணா,

ஒரு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நாள் கடந்துவிட்டது என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

வேலை நின்ற அன்று அவர் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் வந்தார். வேலை போனவர்களை இந்தியாவுக்கு இலவசமாகக் கப்பல் ஏற்றுகிறார்கள், வா என்றார். வள்ளியை விட்டு எப்படி வருவேன் என்றேன். அப்படியென்றால் வடக்கே பேராக் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஆள் அனுப்புகிறேன் என்று போனார். ஆள் வரவில்லை, சேதியும் வரவில்லை. இருக்கிறாரா என்று தெரியவில்லை. ரயில்வே கோட்டர்ஸ் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மார்க்கிரட் அம்மா வீட்டுச் சமையற்கட்டில்தான் படுக்கை. பொழுது போக்குவதற்காக அங்கே வேலை செய்யவில்லை.

உங்களிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே வந்து கூட்டிப் போயிருப்பீர்கள். உங்கள் பென்ஷனில் வள்ளியும் குழந்தையும் இருக்கும்போது நானும் ஒரு வயிறாக வருவதா? புருஷன் விட்டுப் போனவள் என்று நாலு லயமும் பேச, வள்ளி அதைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் எடுப்பதா? இன்று வருவார், நாளை வருவார் என்று ஒவ்வொரு கடிதத்திலும் நலம் என்று எழுதினேன். தலைமையை விட்டுவிட்டார் என்று நான் எழுதினால் அவர் வரமாட்டார் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. கை வரவில்லை.

மரத்தடி அவர் வாயால் சொன்ன இடம்தான் அண்ணா. அதை நான் கற்பனை செய்யவில்லை. கிள்ளியது மட்டும் என் விரல்.

இப்போது எழுதுகிறேன். அவர் இல்லை. கடைசி லயத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். இதனால் பயன் உண்டோ இல்லையோ.

உங்கள் கடிதத்தில் வள்ளி நலம், நான் நலம் என்று இருக்கிறது. லெட்சுமியின் பெயர் இல்லை. நாலு தரம் தேடிப் பார்த்தேன். நான் மறைத்தது போல நீங்களும் மறைக்க வேண்டாம்.

பவுனு

*

பிரிக்பீல்ட்ஸ்
22 நவம்பர் 1931

பவுனு,

மேலே எப்போதும் எழுதும் வரியை எழுதவில்லை.

லெட்சுமி அக்டோபர் ஒன்பதாம் தேதி காலையில் போய்விட்டாள். பல் முளைக்கும் சமயம் என்று ஜூனில் எழுதினேன். அப்போதே அது பல் இல்லை, கிணற்றுத் தண்ணீர். ஆகஸ்டில் இரண்டு பல் என்று எழுதியது உண்மை. இளைத்திருக்கிறாள் என்று எழுதிய வாரத்தில் டிரெஸ்ஸர் மூன்று முறை வந்துபோயிருந்தார். ஐந்தாம் தேதி தொட்டிலை வள்ளி ஆட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று எழுதினேன். குழந்தை தூங்காததால் ஆட்டினாள். நீ தனியே கிடந்து பதறுவாய், மாப்பிள்ளை வேலையிலிருப்பார் என்று நினைத்து எழுதாமல் விட்டேன். காம்பு வந்தபோது அவள் இல்லை. இராஜம்மாவின் பிள்ளைகளுக்காகத் தட்டில் போட்டேன்.

நிலைமை இப்படி என்று ஆகஸ்டில் நான் ஒரு வரி எழுதியிருந்தால் நீ மறைத்திருக்கமாட்டாய். அவர் இல்லை என்று நீ ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே காகிதம் போயிருக்கும். இரண்டு பேரும் நலம் என்று எழுதிக்கொண்டோம். யார் மேலும் குற்றம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உனக்குச் சொல்ல ஏதாவது உதாரணம் உண்டா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

உன் கடிதத்தைச் சங்கத்தில் படித்தேன். கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். கடைசி லயத்தார் இராஜம்மாவின் புருஷனைத் தலைவராக வைத்தார்கள். கிராணியார் மறுபடி காம்பைக் கிள்ளிப் போட்டார். நாலு காம்பும் ஒழுங்காகச் சேர்ந்தன. காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் இலாகாவுக்குப் போனேன். குழாய் செராஸ் பக்கம் ஒரு கம்பத்துக் கிராமத்துக்குப் போய்விட்டதாம். அடுத்த வருடம் கேட்டுப் பாருங்கள், பணம் இருந்தால் பார்ப்போம் என்றார்கள். சொல்லும்போது அந்தக் குமாஸ்தா என் முகத்தைப் பார்க்கவில்லை.

விதியை மாற்றலாமா என்று சின்னையா கேட்டான். எல்லோரும் இருந்து யோசித்தார்கள். மாற்றுவதற்கும் நாலு காம்பு வேண்டும். கடைசி லயத்தார் கிள்ளவில்லை. அவர்களிடம் இருப்பது அந்த ஒரு காம்புதான். நானும் வற்புறுத்தவில்லை.

நீ வா. வள்ளிக்குத் தெரியும், நானே சொன்னேன். "அம்மா வரட்டும்" என்றாள். ஒரு வயிறு அதிகம் என்று கணக்குப் பார்க்காதே, ஒரு வயிறு இங்கே குறைந்துவிட்டது.

வள்ளி நேற்றுத் தொட்டிலை அவிழ்த்தாள். நீ வந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்று உன் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் அலசினாள், வேறு தண்ணீர் இல்லை. வெள்ளைச் சேலை மஞ்சளித்துவிட்டது.

சபாபதி